வக்கீல் எழுதிய தோல்

எழுத்தாளர் டி. செல்வராஜ் 1938-இல் நெல்லைப் பக்கம் தென்கலத்தில் பிறந்தவர்.
இளமை மூணாறு, தேவிகுளம் தேயிலை மலைகளில் கழிந்தது. அவருடைய 'தேநீர்' நாவலின் ஊற்று அங்கேதான்.

முதல் நாவல் 'மலரும் சருகும்'. 1960-களிலேயே நெல்லைத் தலித் விவசாயிகளைப் பேசியது.

பிறகு திண்டுக்கல்லில் வக்கீல் தொழில். கூடவே இடதுசாரி இயக்கம்.


திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள்.
சுண்ணாம்புக் குழியில் நின்று கைகால் வெந்துபோனவர்கள், பெரும்பாலும் தலித்துகள்.
அவர்கள் சங்கம் கட்டிய கதைதான் 'தோல்' நாவல் (2010).
சாதியையும் கூலியையும் அது தனித்தனியாகப் பிரிக்கவில்லை. கட்சிக்காரர் எழுதியதாயிற்றே, பிரசங்கம் இருக்கும் என்று நினைப்பவர்கள் குழி வர்ணனையை மட்டுமாவது படிக்கலாம்.

'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதமி விருது.
2019-இல் மறைந்தார்.