குளிப்பாட்டும்போது கடிச்ச நாய்

நாய்க்கடின்னு எங்க ஜிஹெச்சுக்கு வர்றவங்ககிட்ட நான் கேக்கிற முதல் கேள்வி, "தெரு நாயா, வீட்டு நாயா?" வீட்டு நாய்ன்னா அடுத்த கேள்வி, "அப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அடிக்கடி வர்ற பதில்: "குளிப்பாட்டிட்டு இருந்தேனுங்க சார்." இல்லேன்னா உண்ணி எடுத்துட்டு இருந்தேன், நகம் வெட்டிட்டு இருந்தேன்.

அப்படித்தான் ஒரு ஞாயித்துக்கிழமை, கோழிப்பண்ணை வச்சிருக்கிற ஒருத்தர் வந்தாரு. வலது கையில ஆழமா ரெண்டு பல்லு. மேல மஞ்சளும் சுண்ணாம்பும். "அஞ்சு வருசமா சோறு போடறேனுங்க. அதையே கொண்டுபோய் எங்காச்சும் விட்டுட்டு வந்துரப் போறேன்"ன்னு சொல்றப்ப கண்ணு கலங்கிருச்சு.

எனக்கு அவரைத் திட்ட மனசு வரலை. அதே கடியை நானும் வாங்கியிருக்கேன்.

எங்க மணி தெருவுல இருந்து வந்தவன். ஹோஸ் பைப்பை எடுத்தாலே வாலை வயித்துக்கடியில சொருகிட்டு கட்டிலுக்கு அடியில போயிருவான். நான் என்ன பண்ணேன்? தூணுல கட்டிப்போட்டு, தம்பியைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, தண்ணியைத் திறந்துவிட்டேன். உறுமினான். மூக்கு மேல ஒரு அடி வச்சேன். அடுத்த வாரமும் அதே கதை. மூணாவது வாரம் உறுமவே இல்லை. "பாத்தியா, பழகிட்டான்"ன்னு தம்பிகிட்ட பெருமை வேற. அன்னிக்குத்தான் கடிச்சான், சத்தமே இல்லாம.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்ச நண்பனுக்குப் போன் பண்ணேன். சிரிச்சுட்டு சொன்னான்: "உறுமறது திமிர் இல்லடா, எச்சரிக்கை. அதுக்கு நீ அடிச்ச. அவன் பயம் போகலை, எச்சரிக்கை மட்டும்தான் போச்சு."

எம்பிபிஎஸ் முதல் வருசத்துலயே படிச்சதுதான். பயத்துல அட்ரீனலின் ஏறுனா ஓடணும், இல்லேன்னா சண்டை போடணும். கட்டிப்போட்ட நாய் எங்க ஓடும்?

உறுமறதுக்கு முன்னாடியே அது நம்மகிட்ட சொல்லிப் பாக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கும். மூஞ்சியைத் திருப்பிக்கும். கண்ணோரம் வெள்ளை தெரியும். ஒடம்பு விறைச்சுக்கும். நார்வேக்காரங்க தூரித் ரூகாஸ், நாய்ப் பயிற்சியாளர், இந்த மாதிரி அடையாளங்களை வச்சு ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. ரீல்ஸ்ல "அய்யோ எவ்ளோ அமைதியா குளிக்குது"ன்னு ஹார்ட்டு விடறோமே, அதுல சில நாய் பயத்துல உறைஞ்சு நிக்குது.

மணிக்கு நான் மறுபடி ஆரம்பிச்சது தண்ணியே இல்லாம. ஹோஸ் தரையில சும்மா கிடக்கும், பக்கத்துல அவிச்ச முட்டைத் துண்டு. நம்ம ஊர்ல முட்டைக்கா பஞ்சம்? ஹோஸைப் பாத்தா முட்டை வரும்னு அவன் மண்டையில ஏற ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் ஈரத்துணியால தோள்பட்டையை ஒரு துடைப்பு, ஒரு துண்டு முட்டை, அன்னிக்கு அவ்வளவுதான். பிறகு வெதுவெதுன்னு தண்ணி, மக்குல மொண்டு கால்ல. கால் வழுக்குனாலே நாய் பயப்படும், அதனால கீழே ஒரு சாக்கு. தலையில தண்ணியே ஊத்தறதில்லை, துணிதான். கட்டறதும் இல்லை. அவன் எந்திரிச்சுப் போனா விட்டுருவேன். முதல்ல போனான், இப்ப திரும்பி வர்றான்.

நகம் ஒரு நாளைக்கு ஒண்ணு. உண்ணியை ட்வீசர்ல தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும், விரல்ல நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவற வேலை வேண்டவே வேண்டாம். தோல் புண்ணாகும், நக்குனா உள்ளயும் போகும். இத்தனை நாள் ஒழுங்கா குளிச்ச நாய் திடீர்னு தொட விடலைன்னா எங்கயோ வலிக்குதுன்னு அர்த்தம். காது, இடுப்பு எல்லாம் கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.

கடிச்சிருச்சுன்னா, ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. 0, 3, 7, 28ஆம் நாள்ல தடுப்பூசி. ஆழமான காயம்னா காயத்துக்குள்ளயும் சுத்தியும் இம்யூனோகுளோபுலின்.

பண்ணைக்காரருக்கும் அதைப் போட்டுட்டு சொன்னேன்: "நாயை எங்கயும் விட்டுறாதீங்க. 10 நாள் அது உங்க கண்ணு முன்னாடியே இருக்கணும், நல்லா இருக்கான்னு பாக்கணும்." மருத்துவக் காரணம் அதுதான். ஆனா அந்த 10 நாள்ல அவரு கோபமும் ஆறிரும்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. முட்டை விஷயத்தையும் சொல்லி அனுப்புனேன்.

28ஆம் நாள் கடைசி ஊசிக்கு வந்தப்ப நானே கேட்டேன், "நாய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க சார். இன்னும் குளிப்பாட்டலைங்க. முன்னங்கால் வரைக்கும் வந்திருக்கோம்."