பூக்குடலை

யாம் சிறுவராயிருந்த காலத்தில், திருப்பதிப் பயணத்திற்கு முந்தின நாள், அன்னையார் சித்தூர்ச் சந்தையில் புதிய மூங்கிற் குடலை ஒன்று வாங்கி வருவார். திருச்சானூர்த் தாயாருக்கென மல்லிகையை அதில் நிரப்பி, ஈரத்துணியால் மூடுவார். பின்னர் மலையேறுமுன் தமக்கையர் தம் கூந்தற்பூவைக் களைந்துவிடுவர். திருமலையில் பூவெல்லாம் வேங்கடவனுக்கே உரியது. அதனால் வைணவர் அம்மலையைப் புஷ்ப மண்டபம் என்பர். இராமாநுசர் விருப்பப்படி அனந்தாழ்வான் அங்கு நந்தவனம் அமைத்த வரலாற்றையும் அன்னையார் வழிநெடுகச் சொல்லுவார்.

பல்லாண்டுகட்குப் பின், அயல்நாட்டுக் கண்காட்சி ஒன்றில் ஜப்பானியரின் மூங்கிற் பூக்கூடைகளைக் கண்டோம். மூங்கிலைப் பிளந்து, இழையிழையாகச் சீவிப் பின்னுகின்றனர். நீர் நிற்பதற்கு உள்ளே ஒரு குழாயை மறைத்து வைக்கின்றனர். ஹயகவா ஷோகோசாய் (1815–1897) என்பார் தாம் முடைந்த கூடைகளில் தம் பெயரைப் பொறித்தார். ஷோனோ ஷோஉன்சாய் என்னும் மூங்கிற் கலைஞரை அந்நாட்டு அரசு 1967இல் 'வாழும் தேசியச் செல்வம்' எனப் போற்றியது.

அங்கு நின்றபோது எம் நெஞ்சு உறுத்தியது. சந்தையில் குடலை முடைந்து விற்ற மேதரர் குடி மூதாட்டியிடம் ஆண்டுதோறும் விலையைக் குறைக்க வாதாடினோம். பெயரை ஒருநாளும் கேட்டோமில்லை.

அன்னையாரின் கடைசிக் குடலை எம்முடன் கடல் கடந்து வந்து, கூடத்தில் இருக்கிறது. "இதைச் செய்தவர் யார்?" என்று பேரப்பிள்ளைகள் வினவுகின்றனர். எம்மிடம் விடையில்லை. ஊர் செல்லும் அன்பர்களே, குடலை வாங்கினால், முடைந்தவர் பெயரையும் கேட்டு வாருங்கள்.