கரும்புக்குத் ‘தடா’... கல்லாவில் லட்சம்!

புனேயிலிருந்து வடகிழக்கே போனால் அகமத்நகர். (2024-ல் ‘அகில்யாநகர்’ ஆகிவிட்டது, பஸ் ஸ்டாண்டில் எந்தப் பேரைச் சொன்னாலும் வழி சொல்வார்கள்!) அங்கிருந்து சுமார் 17 கிலோமீட்டரில், குன்றுகளுக்கு நடுவே ஹிவ்ரே பஜார். ‘பஜார்’ என்றதும் ஷாப்பிங் பையோடு கிளம்பிவிடாதீர்கள்... குட்டி கிராமம்தான்!

மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தை மறித்துக்கொள்ள, மிச்சம் மீதி மழைதான் இந்தப் பக்கம். வருஷத்துக்கு 400 மி.மீ. பெய்தாலே அதிர்ஷ்டம்! 1972 பஞ்சத்தில் ஊர் நொடித்துப்போனது. பிழைக்கத் தெரிந்தவர்கள் பம்பாய்க்கும் புனேக்கும் மூட்டை கட்ட, மிச்சமிருந்தவர்களுக்குச் சாராயமும் சண்டையும்தான் பொழுதுபோக்கு. அரசு ஊழியர்களுக்கோ இந்த ஊர் மாற்றல் என்றால் அது தண்டனை!

1989-ல் ஊர் இளைஞர்கள் பிடித்து இழுத்து, போபட்ராவ் பவாரை சர்பஞ்ச் ஆக்கினார்கள். எம்.காம். படித்தவர், கிரிக்கெட் ஆட்டக்காரர். அதே மாவட்டத்தில் அண்ணா ஹசாரேயின் ராளேகண் சித்தி முன்மாதிரியாக இருந்தது. அரசுத் திட்டங்களின் பணம் ஒரு பக்கம், ‘சிரமதானம்’ என்று ஜனங்களின் இலவச உழைப்பு ஒரு பக்கம். குன்றுச் சரிவெல்லாம் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள், கரை போட்டார்கள், மரம் நட்டார்கள்.

மண்வெட்டி பிடித்தது பெரிய விஷயமில்லை என்பது என் கட்சி. நாலு நாள் உற்சாகத்தில் எந்த ஊரும் பள்ளம் வெட்டிவிடும். தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் கை அரிக்குமே, அப்போதுதானே இருக்கிறது சங்கதி!

இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாசனத்துக்கு போர்வெல் கூடாது. மரம் வெட்டக்கூடாது. மாட்டை மலையில் அவிழ்த்துவிடக்கூடாது. புல்லை அறுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டும். தண்ணீரை மொடக் மொடக்கென்று குடிக்கும் கரும்பும் வாழையும் வேண்டவே வேண்டாம். அதுவும் எங்கே? கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்கே பேர்போன மாவட்டத்தில்! “என் நிலம், என் கிணறு... கேக்க நீ யாருப்பா?” என்று ஒருத்தர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பியிருந்தாலும் போச்சு.

அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்தது கிராமசபையின் தண்ணீர் பட்ஜெட். மழை எவ்வளவு பெய்தது என்று ஊரே அளக்கிறது. குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பார்த்துத்தான் பயிர். மழை குறைந்தால் கோதுமைக்கும் கத்திரி! கணக்கு எல்லார் முன்னாலும் விரித்து வைக்கப்படுவதால் யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை. 2012-ல் மகாராஷ்டிரத்தையே வறட்சி வாட்டியபோது இந்த ஊர் தாக்குப்பிடித்ததும் இப்படித்தான்.

பலன்? தினம் 150 லிட்டராக இருந்த பால் சுமார் 4,000 லிட்டரானது. 1995-ல் 180 குடும்பங்களில் 168 வறுமைக் கோட்டுக்குக் கீழே. பிறகு அது விரல்விட்டு எண்ணும்படி ஆனது. பம்பாய் போனவர்கள் மூட்டையோடு திரும்பினார்கள். வெளியாளுக்கு நிலம் விற்பதில்லை என்றும் ஒரு கட்டுப்பாடு. பின்னே, விலை ஏறினால் ‘பார்ட்டி’ வராமல் இருக்குமா?

போபட்ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ. எனக்கு ஒரே ஒரு உறுத்தல்... ஒரே மனிதர் இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்த ஊர் இது. அடுத்த தலைமுறையில் எவனாவது ஒரு துளை, ஒரே ஒரு போர்வெல் போட்டுவிட்டால்?

போகிறவர்கள் மழைக்காலம் முடிகிற சமயம் போங்கள்; குன்றுகள் பச்சையாக இருக்கும். புல்லைப் பிடுங்கி விளையாடாதீர்கள். அதுக்கும் கணக்கு உண்டு!