தொப்பூர் இறக்கத்தில் பழைய வேன்

தக்காளி ஊசிப்புழுவுக்கு யோசனை கேட்க வந்த பாலக்கோட்டு விவசாயி ஒருவர், "சார், பழைய மெட்டடார் வேன் ஒன்று விலைக்கு வருகிறது. சேலத்துக்குப் பெட்டி ஏற்ற வாங்கலாமா?" என்றார். புழுவைவிட வேனுக்குத்தான் அதிக நேரம் பேசினோம்.

மெட்டடார் ஜெர்மனி நாட்டு வடிவம். இங்கே பஜாஜ் டெம்போ கம்பெனி தயாரித்தது. உழைத்த வண்டிதான். நானே விதை மூட்டைகளோடு அதில் போயிருக்கிறேன். ஆனால் அன்றைய சாலை வேறு, இன்றைய நாற்கரச் சாலையின் வேகம் வேறு. பெட்டிகளை உயர உயர அடுக்கினால் பாரம் மேலே போய், வளைவில் வண்டி சாயும். இரண்டு அடுக்கைக் குறைத்து ஏற்றுங்கள். இன்னொரு நடை போனாலும் பரவாயில்லை.

தொப்பூரில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசலும் அநேகமாகச் செலவாகாது. பிறகென்ன மிச்சம்? நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். லைனிங் சூடேறி, எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. என்ஜினையும் அணைத்துவிட்டால் மிதி கல்லாகிவிடும். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள்.

வாங்குமுன் எப்.சி. நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் 1819 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது.