ஏறும் உயரம்



டெக்சாஸில் வாழும் நம் குடும்பங்களில் பலர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறீர்கள். வண்டி வந்த சில மாதங்களில் அதற்குப் பெரிய டயர் பூட்டும் ஆசையும் வருகிறது. அதில் குற்றம் காண நான் எழுதவில்லை. சகதி நிறைந்த பண்ணைப் பாதையில் செல்வோருக்கு வண்டியின் அடிப்பாகம் உயர்ந்திருப்பது நன்மையே. ஆனால் டயர் கடைக்குப் போகுமுன், அந்த வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

நம் சபையின் மூத்த அம்மையார் ஒருவர் மூன்று ஞாயிறுகள் ஆராதனைக்கு வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது, "முழங்கால் வலி, ஐயா" என்றார். வீட்டுக்குச் சென்றபோது வாசலில் மகனுடைய வண்டியைக் கண்டேன். அது 2 அங்குலம் தூக்கப்பட்டு, 35 அங்குல டயர்களின் மேல் நின்றது. அவருடைய வலி பல ஆண்டுகளாக உள்ளதுதான். வண்டியின் உயரம் மட்டுமே புதிது. மகன் மனம் வருந்துவானே என்று அதை அவர் வாய்திறந்து சொல்லவில்லை.

அந்தக் கணக்கைப் பாருங்கள். அவ்வண்டியின் பழைய டயர் 265/70 ஆர் 17. இதில் 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 70 விழுக்காடு, அதாவது சுமார் 186 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் முழு விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். 35 அங்குல டயருக்கோ 889. வித்தியாசம் 86. ஆனால் வண்டியைத் தாங்கும் அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அதில் பாதியே, அதாவது 43 மில்லிமீட்டரே, வண்டியை உயர்த்தும். வண்டியின் பாரத்தில் டயர் சற்று அமுங்குவதால் அதிலும் கொஞ்சம் குறையும். தூக்கிய 2 அங்குலத்தையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ மூன்றே முக்கால் அங்குலம்.

மகனுக்கு அது அற்பமாகத் தோன்றிற்று. இந்நாட்டு வீடுகளுக்கான கட்டட விதிமுறை ஒரு படிக்கு அனுமதிக்கும் மிகுதியான உயரமே ஏழே முக்கால் அங்குலம்தான். ஏற்கெனவே சிரமப்பட்டு ஏறிய தாயாருக்கு, கூடுதலாகப் பாதிப் படி ஒன்று!

ரிம் பெரிதானால் வண்டி உயரும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. 275/65 ஆர் 18 டயரின் விட்டம் சுமார் 815 மில்லிமீட்டர். 275/55 ஆர் 20 டயருக்குச் சுமார் 810. ரிம் 2 அங்குலம் பெரிதாகியும், பக்கச்சுவர் குட்டையானதால் வண்டி மயிரிழை தாழவே செய்கிறது. ஆகவே அழகுக்காகப் பெரிய ரிம் விரும்பும் இளைஞர்களே, தாராளமாகப் பூட்டுங்கள். முழு விட்டத்தை மட்டும் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் கூடினால் வேகமானியும் பொய் சொல்லும். மேற்சொன்ன மாற்றத்துக்குப் பின் அதைத் திருத்தி அமைக்காவிட்டால், அது 60 மைல் காட்டும்போது வண்டி 66 மைலுக்கு மேல் ஓடும். காவலரிடம் இந்த விளக்கம் செல்லாது.

டயரை முன்பே மாற்றிவிட்டவர்கள் பக்கப்படி பொருத்தலாம். ஆனால் அது வண்டியோடு பிணைந்தது. வண்டி உயர்ந்தால் அதுவும் உயரும். ஆதலால் நன்றாகக் கீழே இறங்கித் தொங்கும் வகையைத் தேடுங்கள். கதவருகே உட்புறத் தூணில் கைப்பிடி உண்டா என்றும் பாருங்கள். செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது: முதியோர் ஏறும் பக்கம் நடைபாதை விளிம்பை ஒட்டி வரும்படி வண்டியை நிறுத்துங்கள். பெரும்பாலும் 6 அங்குலம் மிச்சமாகும். அது அந்த மகன் கூட்டிய உயரத்தைவிட அதிகம்.

அவர் டயரைக் கழற்றவில்லை. தாழ்ந்த படி பொருத்தினார். அம்மையார் இப்போது ஏறிவிடுகிறார். இறங்குகையில் மட்டும், கால் தரையைத் தேடித் துழாவும் அந்த நொடியில், இருவர் பிடிக்கவேண்டியிருக்கிறது.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் அளவுநாடாவோடு நிற்பேன். டயர் மாற்ற எண்ணுவோர் வீட்டு முதியோரையும் அழைத்து வாருங்கள். அவர்கள் சிரமமின்றிக் கால் தூக்கும் உயரத்தை அளந்து, சீட்டில் குறித்துத் தருகிறேன். அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.