இரு திணைகளுக்கு இடையே ஒரு லாரி

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் பாலைக்கு வேனிலையும் பொழுதாக வகுத்தது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் லாரி ஓட்டுநர் இவ்விரண்டையும் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் கடந்துவிடுகிறார்.

என் பெரியப்பா நெடுங்காலம் ஒரு பழைய டாடா லாரியில் உரமூட்டைகளோடு ஏறி, ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கியவர். ஏற்றத்தில் எஞ்சின் பெட்டியின் அனல் அவர் இடது காலைச் சுடும். இரவு இறக்கத்திலோ, முன்கண்ணாடியின் உட்புறத்தை மூச்சின் ஈரம் மூடிவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. ஒரு கணம் பார்வை மறைந்தால் வண்டி பள்ளத்தில்தான்.

அதற்காகவே பழைய இரும்புக் கடையில் ஒரு ஹீட்டர் வாங்கிப் பொருத்தினார். எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரில் ஒரு பகுதி சிறு ரேடியேட்டர் ஒன்றினுள் ஓடும். விசிறி அந்த வெப்பத்தைக் கண்ணாடிமேல் வீசும். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் அது குளிர்காற்றையே ஊதியது. மெக்கானிக் இரு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று கொதித்தது, மற்றொன்று சில்லிட்டிருந்தது. இடையில் அடைப்பு. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தபோதெல்லாம் ஊற்றிய ஓடைநீரின் வண்டல்தான் இறக்கத்தில் வெப்பத்தை மறித்திருந்தது. எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவியதும் சரியாயிற்று.

2025 ஜூன் 8 முதல் தயாரிக்கப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியுள்ளது. அதைச் சொகுசு என்பவர்கள் உண்டு. ஏ.சி. காற்றின் ஈரத்தையும் பிரித்தெடுப்பதால்தான் கண்ணாடி விரைவில் தெளிகிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். பழைய லாரிகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றின் ஓட்டுநர்கள் இன்னும் துணியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.