ஓட்டுக்கு முன்னும் பின்னும்

2011-இல் எங்கள் விக்கிரவாண்டி சட்டமன்றத் தொகுதிக்கு முதல் தேர்தல். 2024-க்குள் ஐந்து எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இருவர் பதவியிலேயே காலமானார்கள். இரண்டு முறை இடைத்தேர்தல். 2024 ஜூலை 10-இல் நடந்த இரண்டாவது இடைத்தேர்தலில் நூற்றுக்கு 82 பேர் ஓட்டுப் போட்டோம். பெரிய எதிர்க்கட்சியோ தேர்தலையே புறக்கணித்தது. எங்கள் ஊர்ச் சாலையும் ஏரியும் யாருக்கும் பேச்சுப்பொருளாக இல்லை. பிரச்சாரத்துக்கு வந்த அமைச்சர்களின் கார்கள்தான் தெருவை அடைத்தன.

அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. வயலெல்லாம் தண்ணீர். கதிர் பிடிக்கும் நேரத்து நெல் அழுகிக் கிடந்ததைப் பார்த்து அப்பா பேசவே இல்லை. டிவியிலோ சாத்தனூர் அணையைச் சொல்லாமல் திறந்தார்கள் என்று ஒரு தரப்பு, சொல்லித்தான் திறந்தோம் என்று மறு தரப்பு. அந்த அணை நிற்கும் தென்பெண்ணை ஆற்றின் கரையில் வீட்டை இழந்தவனுக்கு அந்தச் சண்டையால் என்ன கிடைத்தது?

கட்சிச் சண்டையில் மக்கள் தவிப்பது இங்கு மட்டுமில்லை. அமெரிக்காவிலும் 2018 டிசம்பரில் எல்லைச் சுவருக்காகக் கட்சிகள் மோதி, அரசு அலுவலகங்கள் பல 35 நாள் முடங்கின. சம்பளமில்லாமல் தவித்தது ஊழியர்கள்தான்.

எனக்குக் கோபம் கட்சிகள் மேல் மட்டுமில்லை. நானும் கொடியைப் பார்த்தே ஓட்டுப் போட்டிருக்கிறேன். அடுத்த முறை வீட்டுக்கு வருபவரிடம் ஏரி வாய்க்காலை எப்போது தூர்வாருவீர்கள் என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.